நான்காவது பெட்டியில் ஒரு கடுகு

மறைமலைநகர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் அறிவியல் கூடத்தில், நீளச் சுவரில் ஆறு கண்ணாடிப் பெட்டிகளைப் பதித்திருக்கிறார்கள். நான்காவது பெட்டியில் இப்போது ஒரு பெரியவரின் படம் இருக்கிறது. படத்துக்குச் சந்தன மாலை, சுற்றிலும் விட்டு விட்டு எரியும் சீரியல் பல்பு. அந்தப் பெட்டியில் எதுவுமே இருக்கக் கூடாது. ஏறக்குறைய எதுவுமே. அந்த ஒன்றுமில்லாததைச் செய்து முடிக்க ஷஹர்பானு அக்காவுக்குப் பதினோரு நாள் பிடித்தது.

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, போன வருடம் ஜூனில் நான் திரும்பி வந்தபோது, வீட்டில் உட்கார முடியாமல் பகல் முழுக்க அவருடைய கடையில்தான் கிடந்தேன். கடை என்றால் அவர் கணவர் கியாசுதீனின் ஜெராக்ஸ் கடை. முன்னால் ஜெராக்ஸ், ஸ்டேஷனரி. பின்னால் ஓர் அறை, அதில் தெர்மகோல், பெயிண்ட், ஃபெவிகால் டப்பாக்கள், நடுவே பானுக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கண்காட்சி மாடல்களைச் செய்து தருபவர் அவர். இந்த வட்டாரத்தில் பரிசு வாங்கிய எரிமலைகளில் பாதி அந்த அறையில் பிறந்தவை.

பானுக்காவின் அப்பா சதுரங்கப்பட்டினத்தில் வலை, தூண்டில், நைலான் நரம்பு விற்றவர். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் பானுக்காதான் முதல் மதிப்பெண். செங்கல்பட்டில் போய் பி.எஸ்சி. சேர விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்பது வீட்டில் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டு பஸ்! நான் பதினோரு நாட்டு எல்லைகளைத் தாண்டியிருக்கிறேன், அதில் பாதி எதற்கென்று எனக்கே தெரியாது. அந்த விண்ணப்பம் பூர்த்தி செய்யப்படவே இல்லை. கல்யாணம் நடந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓர் அப்பா வேர்த்து விறுவிறுத்துக் கடைக்கு வந்திருக்கிறார். திங்கட்கிழமை காலை மகள் அணு மாடல் கொண்டுபோக வேண்டும். எப்படிச் செய்வதென்று அப்பாவுக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. பானுக்கா நான்கு தெர்மகோல் பந்து, மூன்று கம்பி வளையம் எடுத்து ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்தார். அதற்குப் பரிசு கிடைத்தது. அடுத்த வாரம் கடை வாசலில் ஒன்பது அப்பாக்கள் நின்றார்கள்.

அன்றிலிருந்து பதினான்கு வருடம். பிள்ளை செய்ய வேண்டியதைப் பெற்றோர் விலைக்கு வாங்குவார்கள், பள்ளிக்கூடம் தெரிந்தே மதிப்பெண் போடும். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் வெட்கமில்லை. பானுக்கா ஒருவருக்குத்தான் உறுத்தியது. அதனால் ஒவ்வொரு மாடலின் அடியிலும் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டுவார். இது என்ன, எப்படி வேலை செய்கிறது, யார் கண்டுபிடித்தார் என்று பத்து வரி. வாங்கிப் போகிற பிள்ளை அதையாவது படிக்கட்டும் என்று.

ஒருமுறை ஒரு சிறுமி கண்காட்சி முடிந்து அழுதுகொண்டே கடைக்கு வந்தாள். நடுவர் அவளிடம், "எலக்ட்ரான் சுத்திக்கினே இருந்தா சக்தி தீர்ந்து நடுவுல விழுந்துடாதா?" என்று கேட்டிருக்கிறார். சீட்டில் அதற்குப் பதில் இல்லை. பானுக்காவிடமும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் செங்கல்பட்டு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தார், அதே இரண்டு பஸ் மாறி. நான்கு மாதம் படித்தார். தெரிந்துகொண்ட விஷயம் அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. கிரகங்கள் சூரியனைச் சுற்றுவதுபோல எலக்ட்ரான்கள் வளையத்தில் சுற்றுகின்றன என்ற படத்தை அறிவியல் கைவிட்டு நூறு வருடம் ஆகப்போகிறது. எலக்ட்ரான் இன்ன பாதையில் போகிறது என்று சொல்லவே முடியாது. இங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு, அங்கே இருக்க அவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும். ஒரு மேகம் மாதிரி.

"இத்தன வருஷமா தப்பத்தான் செஞ்சி வித்துகினு இருந்திருக்கேன், ஜெனி" என்றார் என்னிடம். "அதுவும் வருஷத்துக்கு நூறு."

மேகம் மாதிரி ஒன்றையும் செய்து பார்த்தார். அப்பாவின் கடையில் மிஞ்சிய மெல்லிய தூண்டில் நரம்புகளில் ஆயிரக்கணக்கான கடுகுகளை ஒட்டி, நடுவில் நெருக்கமாக, வெளியே போகப் போக அரிதாக. அவ்வளவு அழகான பொருளை நான் எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் பார்த்ததில்லை. அதைக் கடை முகப்பில் வைத்தார். ஓர் அம்மா உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது இன்னா, பஞ்சு முட்டாயா?"

"அணு மாடலுங்க."

"வளையமே காணோம்?"

"அணுவுல வளையம் கெடையாதுங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வளையம் வெச்சதா ஒண்ணு குடு. மார்க்கு போயிடும்."

அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. வளையம் இல்லாத அணுவுக்கு உண்மையிலேயே மதிப்பெண் போய்விட்டது. ஒரு பையன் தைரியமாக வாங்கிப்போய், "முழுமையற்றது" என்று சிவப்பு மையில் எழுதப்பட்ட அட்டையோடு திரும்பி வந்தான். அந்த அட்டையை நான் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இந்த நிலையில்தான் சிநேகா வந்தாள். அந்த மறைமலைநகர்ப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். சிவப்பு மைக் கதையை எங்கேயோ கேள்விப்பட்டு, கம்பெனி பஸ்களுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு புதுப்பட்டினம் வரைக்கும் தேடி வந்துவிட்டாள்.

"அக்கா, எங்க ஸ்கூல்ல புது சயின்ஸ் ஹால் கட்றாங்க. ஒரு சுவர் முழுக்க அணுவோட கதை வேணும். பழங்காலத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும். தப்பு இல்லாம. உங்க பேரும் சுவர்ல வரும்."

பானுக்கா முதலில் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "பேரா? என் பேரா?" என்றுதான் கேட்டார்.

பதினான்கு வருடத்தில் அவர் செய்த நாலாயிரம் மாடல்களில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது. எல்லாவற்றிலும் யாரோ ஒரு பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு. இந்தச் சுவர்தான் முதல் முறை.

முதல் பெட்டிக்கு அவர் ஒரே ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டார். முழு சாக்பீஸ், பாதி, கால், அரைக்கால், துணுக்கு, பொடி என்று வரிசையாக வைத்து, வரிசையின் முடிவில் ஒரு கேள்விக்குறி. இப்படி உடைத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் நின்றே ஆக வேண்டாமா என்று கேட்டவர்களின் பெயர்களைக் கீழே எழுதினார். கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸ், வடக்கே கணாதர், நம் பக்கத்திலும் வாழ்ந்த ஆசீவகர்கள், சமணர்கள். அவர்களை மறுத்தவர்களையும் விடவில்லை. பகுதியே இல்லாத அணு ஆறு பக்கமும் ஆறு அணுக்களை எப்படித் தொடும் என்று பௌத்தர்கள் மடக்கியதையும் எழுதினார். கடைசி வரி: "கேட்டார்கள், வாதாடினார்கள். சோதித்துப் பார்க்க அவர்களிடம் கருவி இல்லை."

இரண்டாவதில் டால்டனின் குண்டுகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடை; தத்துவம் தராசில் ஏறிய இடம். மூன்றாவதில் தாம்சனுக்காக வெட்டிய தர்பூசணி, விதைகள் எலக்ட்ரான்கள். ஐந்தாவதில் போர் என்ற விஞ்ஞானி சொன்ன வளையங்கள். அதன் கீழே, இது ஏன் போதவில்லை என்று நான்கு வரி. ஆறாவதில் கடுகு மேகம்.

நான்காவதுதான் ரூதர்ஃபோர்டு. தங்கத் தகட்டின் மேல் துகள்களை ஏவிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே ஊடுருவிப் போய்விடுகின்றன, எப்போதோ ஒன்று மட்டும் மோதித் திரும்புகிறது. அப்படியென்றால் அணுவில் நடுவே இத்துனூண்டு கரு, மற்றதெல்லாம் வெறுமை. அதைக் காட்டுவதற்குப் பெட்டியின் உட்புறம் முழுவதும் கருப்பு அடித்தார். மூலை எங்கே முடிகிறது என்று தெரியக் கூடாது. ஆறு முறை அடித்து ஆறு முறை தேய்த்தார். கண்ணுக்குத் தெரியாத நரம்பு ஒன்றில் ஒரே ஒரு கடுகைத் தொங்கவிட்டார். பார்க்கிறவர் ஒரு நிமிடம் நின்றால்தான் கடுகு கண்ணில் படும். பட்டால் அது அந்தரத்தில் நிற்கும்.

கடுகு ஹைட்ரஜன் அணுவின் கரு என்றால் எலக்ட்ரான் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டார். சுமார் அறுபது மீட்டர். அதைக் காட்ட மைதானத்தில் அளக்கப் போனோம். டேப்பின் ஒரு முனையைப் பானுக்கா பிடித்தார், மறுமுனையோடு கியாசுதீன் அண்ணன் வேப்பமரத்தைப் பார்த்து நடந்தார்.

"இழுத்துப் புடிங்க, தொங்குது!"

"அம்பதோட டேப்பு முடிஞ்சிச்சி பானு. உன் அணு இன்னும் முடியல."

காவலாளி சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா பாய், பிளாட்டு போடப் போறீங்களா?"

"இல்ல அண்ணாத்த. ஒரு கடுகுக்கு காம்பவுண்டு போட்றோம்."

பெட்டிக்கு எதிரே இருந்த ஜன்னல் வழியாக அந்த வேப்பமரம் சரியாகத் தெரிந்தது. "இந்தக் கடுகு கரு என்றால், எலக்ட்ரான் அதோ அந்த வேப்பமரம் வரை எங்கேயும் இருக்கலாம். நடுவில் ஒன்றும் இல்லை" என்று எழுதி ஒட்டினார். நான் கடுகைப் பார்த்தேன், திரும்பி மரத்தைப் பார்த்தேன். தலை சுற்றியது.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் தாளாளர் கலைவாணன் பார்வையிட வந்தார். வெள்ளைச் சட்டை, நான்கு பேர் பின்னால். முதல் பெட்டி முன்னால் நின்று படித்தார்.

"ஏம்மா, கருவி இல்லன்னு எழுதிகீற? நம்ம முன்னோருங்களுக்கு கருவி எதுக்கு? ஞானத்துலயே கண்டுபுடிச்சிட்டாங்க. வெள்ளைக்காரன் இங்கேர்ந்து எடுத்துக்கினு போய்த் தன் பேரப் போட்டுக்கினான். அத எழுது."

"அவங்க கேட்டது பெரிய விஷயம் சார். ஆனா இவங்க பாத்தத அவங்க பாக்கல. ரெண்டும் வேற வேற சார்."

"ரொம்ப படிச்சிட்டம்மா நீ." பின்னால் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். அவர் நகர்ந்து நான்காவது பெட்டிக்கு வந்தார். "இது இன்னா காலியா கீது? சாமான் பத்தலையா?"

"காலி இல்ல சார். உள்ள ஒரு கடுகு கீது, பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஆங், தெரியுது, தெரியுது" என்று மூன்று விநாடியில் நிமிர்ந்தார். அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. "சரிம்மா, பாத்துக்கலாம்."

பானுக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது, திறப்பு விழாவுக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று மகள் ஹம்னாவுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

விழா பிப்ரவரி இருபத்தெட்டு, அறிவியல் நாள். காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். பானுக்கா மயில் கழுத்து நிறச் சேலை, கியாசுதீன் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை. கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவரின் மேலே ஒட்டியிருந்த தங்க நிற எழுத்துகள்: "உருவாக்கம்: ஷஹர்பானு, புதுப்பட்டினம்." உள்ளங்கை உயரம் ஒவ்வோர் எழுத்தும். பானுக்கா நின்றுவிட்டார். கியாசுதீன் அண்ணன் அதைப் போனில் படம் எடுத்தார்.

பிறகுதான் கீழே பார்த்தோம்.

நான்காவது பெட்டியில் தாளாளரின் அப்பா இருந்தார். மாலை போட்டு, பல்பு போட்டு. சுத்தம் செய்ய வந்தவர் பெட்டியைத் திறந்து உள்ளே துடைத்திருக்கிறார். நரம்பும் கடுகும் ஒட்டடையோடு ஒட்டடையாகப் போய்விட்டன. அவர்மேல் கோபமில்லை. ஒட்டடை மாதிரித் தெரிந்ததைத் துடைத்தார், அது அவர் வேலை. ஆனால் அதன் பிறகு அந்த இடம் "வீணாகக் கிடக்கிறது" என்று முடிவு செய்தவர் வேறொருவர். முதல் பெட்டியின் எழுத்தும் மாறியிருந்தது. ஆறு பெட்டியில் உள்ளதையும் நம் முன்னோர் அன்றே முழுமையாகக் கண்டறிந்துவிட்டனர், மேலைநாட்டார் பிரதி எடுத்தனர் என்று புது அச்சு. டெமாக்ரிட்டஸ் காணோம், பௌத்தர்களின் மறுப்பும் காணோம். ஆசீவகர்களையும் காணோம், அவர்களும் நம் முன்னோர்தானே?

முன்னோரைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அவர்களை அவமதிக்கிற இந்தக் கூட்டத்தை நான் எங்கே போனாலும் பார்க்கிறேன். அந்தப் பழைய ஆட்களிடம் மதிக்க வேண்டியது என்ன? கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி, எந்த உதவியும் இல்லாமல், யோசித்த துணிச்சல். எதிராளியின் கேள்விக்கு முகம் கொடுத்த நேர்மை. அந்த இரண்டையும் துடைத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வதா மரியாதை? வெறுமை என்று ஒன்று இருக்கவே முடியாது என்று அரிஸ்டாட்டில் சொன்னார், உலகம் ரொம்ப காலம் அதை நம்பியது. கலைவாணனும் அந்தக் கட்சிதான். ஆனால் அரிஸ்டாட்டில் அதற்குக் காரணம் சொன்னார். அப்பாவின் படத்தைக் கொண்டுவந்து வைக்கவில்லை.

சிநேகா ஓடி வந்தாள், கண்கள் சிவந்திருந்தன. "நேத்து சாயங்காலம்தான்கா மாத்தினாங்க. நான் சொன்னேன். கேக்கல."

பானுக்கா அவள் தோளைத் தட்டிவிட்டு நேரே தாளாளரிடம் போனார். அவர் வாசலில் வரவேற்புக் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், என் பேர எடுத்துடுங்க."

"இன்னாது?"

"சுவத்துல என் பேரு கீது. அத எடுத்துடுங்க. அது நான் செஞ்ச சுவரு இல்ல."

"அவனவன் பேரு வரலன்னு சண்டைக்கு வரான். நீ வந்ததை எடுக்கச் சொல்றியா? தங்க எழுத்துல போட்டுகீறம்மா!"

"அதனாலதான் சார் சொல்றேன். ஒரு புள்ள வந்து படிக்கும். இது பொய்யின்னு அதுக்குத் தெரியாது. கீழ என் பேரு இருந்தா நான் சொன்ன பொய்தானே அது?"

"ஒரு கடுகுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

"ஆமா சார். ஒரு கடுகுக்குத்தான்."

"இப்ப சிறப்பு விருந்தினர் வர நேரம். போட்டது போட்டதுதான். இன்னும் ரெண்டு ஸ்கூல் கட்டிகினு இருக்கோம், அந்த வேலையும் உனக்குத்தான்னு நெனச்சிகினு இருந்தேன். யோசிச்சிக்க."

பானுக்கா யோசித்தார். அதை நான் பார்த்தேன், மறைக்க மாட்டேன். கியாசுதீன் அண்ணன் அவர் காதருகில் மெதுவாகச் சொன்னார்: "பானு, பேரு வந்துகீது. இத்தன வருஷம் கழிச்சி வந்துகீது. வுட்டுடேன்."

"பேரு இல்லாம பதினாலு வருஷம் இருந்தாச்சி. அதுக்கொண்ணும் எனக்குக் கஷ்டம் இல்ல" என்றார் பானுக்கா. "இப்படி இருந்தாத்தான் கஷ்டம்."

கூடத்துக்குள் திரும்பினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். கைப்பையிலிருந்து தெர்மகோல் வெட்டும் பிளேடை எடுத்தார். அது இல்லாமல் அவர் வெளியே போனதே இல்லை. நாற்காலி ஆடியது. கியாசுதீன் அண்ணன் ஒரு நொடி வாசலைப் பார்த்தார், ஒரு நொடி பெயரைப் பார்த்தார், பிறகு வந்து இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"உருவாக்கம்" என்பதில் தொடங்கவில்லை. தன் பெயரில் தொடங்கினார். பிளேடின் முனையை எழுத்துக்கு அடியில் செருகி, பெயிண்ட் பெயராமல், தொழில் தெரிந்தவர் எடுக்கிற மாதிரி எடுத்தார். ஒவ்வோர் எழுத்தாகக் கீழே விழுந்தது. வந்திருந்த பெற்றோர் சிலர் போனில் படம் பிடித்தார்கள். கலைவாணன் வாசலில் நின்று கத்தினார். விருந்தினரின் கார் உள்ளே வந்துகொண்டிருந்ததால் அந்தக் கத்தலும் பாதியில் நின்று புன்னகையாக மாறியது. அந்தப் புன்னகையை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"எறங்கு, போலாம்" என்றார் கியாசுதீன் அண்ணன். குனிந்து தரையில் கிடந்த எழுத்துகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது எதுக்கு?" என்றார் பானுக்கா.

"நல்ல ஸ்டிக்கரு. வேஸ்ட்டு பண்ணுவாங்களா?"

புது வேலை எதுவும் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அவரிடம் நேரடியாக மாடல் வாங்கிவந்த வேறு இரண்டு பள்ளிகளும் வாங்குவதை நிறுத்திவிட்டன. பள்ளிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். சிநேகா மட்டும் தன் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப்போய், ஒரு கடுகைக் கையில் கொடுத்து வேப்பமரம் வரை நடக்கவிடுவதாகச் சொன்னாள். அதற்கு இதுவரை யாரும் தடை போடவில்லை. சுவரில் தங்க எழுத்து இருந்த இடத்தில் பசைத் தடம் இன்னும் இருக்கிறது என்றும் சொன்னாள்.

பானுக்கா வளைய மாடல்களைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். குடும்பம் ஓட வேண்டும். ஆனால் அடியில் ஒட்டும் சீட்டு மாறிவிட்டது. "இது 1913-இல் போர் சொன்ன அணு. இது போதாது என்று பிறகு தெரிந்தது. ஏன் என்று உன் ஆசிரியரிடம் கேள்." சில அப்பாக்கள் கடையிலேயே சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மாடலை மட்டும் எடுத்துப் போகிறார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கும். பானுக்கா அதைப் பொறுக்கி, அடுத்த மாடலில் ஒட்டுவார்.

கடையின் முகப்பில், பேனாவும் ஸ்கேலும் இருந்த நல்ல தட்டைக் காலி செய்து, கியாசுதீன் அண்ணனே ஒரு கருப்புப் பெட்டியை வைக்கச் சொன்னார். ஆறு முறை அடித்து ஆறு முறை தேய்த்த கருப்பு. உள்ளே ஒரு கடுகு. பெட்டிக்குக் கீழே தங்க நிறத்தில் அந்த எழுத்துகள்.

நேற்று ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். "இன்னாக்கா, டப்பா சும்மா காலியா கீது. எதுனா வெக்கலாமே?"

"காலி இல்ல" என்றார் பானுக்கா, கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு. "கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. அவசரப்படாம பாருங்க."